சாதாரணன் நாற்காலி

கொச்சி மட்டாஞ்சேரியில் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களில் இரண்டு இனம் உண்டு. படம் நன்றாக இல்லை என்றால் "கொள்ளாது" என்று வாசலிலேயே சொல்கிறவர்கள் ஓர் இனம். தலையை ஆட்டிவிட்டு, "மேக்கிங் நன்னாயிட்டுண்டு" என்று நழுவுகிறவர்கள் இன்னோர் இனம். சுடலைமணி முதல் இனம். அந்த இனத்துக்கு அவன்தான் தலைவன் என்று தெருவில் பேச்சு.

பஜார் ரோட்டில் ஒரு மொத்த அரிசிக் கடையில் மூட்டை ஏற்றி இறக்குவதை மேற்பார்க்கும் வேலை அவனுக்கு. படம் முடிந்ததும் தியேட்டர் வாசலில் நின்று, தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவான். "ஹீரோ அர மணிக்கூறு மழையில நனையுதான். ஒரு குட வாங்கிக் குடுப்போம்னு நமக்குத் தோணுது, டைரக்டருக்குத் தோணல." "பேய்ப்படமாம். பேய் வந்தப்புறந்தான் கொஞ்சம் சமாதானமா இருந்துச்சு, ஒரு ஆளாவது சொன்ன வேலையச் செய்யுதேன்னு." அவன் மெசேஜைக் கேட்காமல் அந்தத் தெருவில் யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. சொந்த மச்சானின் கல்யாண வீடியோவையே, "மாப்பிள்ளைய விட பிரியாணிக்கு குளோசப் ஜாஸ்தி" என்று சொன்னவன் அவன். மச்சான் ஓணம் வரைக்கும் பேசவில்லை. சொன்னதைத் திருப்பி எடுக்கச் சொல்லி மாமியாரே வந்தபோதும் அவன் எடுக்கவில்லை.

அவனுக்குப் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான். அதைப் பறிப்பதற்குத்தான் மேற்குக் கொச்சி சலச்சித்ர ஆஸ்வாதன சமிதி கடைக்குத் தேடி வந்தது.

சலச்சித்ரம் என்றால் மலையாளத்தில் சினிமா, ஆஸ்வாதனம் என்றால் ரசித்தல். சமிதியில் யாரும் எதையும் ரசித்ததாகத் தகவல் இல்லை. பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து வெள்ளையடித்து, நாற்காலி போட்டு, வருஷம் தவறாமல் ஆவணப்பட விழா நடத்துகிறார்கள். படங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் சாதாரண ஜனம் ஒருவராவது இருக்க வேண்டும் என்று மானியம் தருகிற மேலிடத்தில் புதிதாக ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்கள். சமிதி உறுப்பினர்கள் எல்லோரும் சாதாரண ஜனத்தைப் பற்றிப் படம் எடுத்தவர்கள்தான். ஆனால் அப்படி ஓர் ஆளை அவர்களில் யாருக்கும் நேரில் தெரியாது.

தலைவர் வெங்கிட்டு, பாலக்காட்டிலிருந்து வந்து தேவராவில் குடியிருப்பவர். செயலாளர் ஸாதனா அவருடைய பழைய மாணவி. இருவரும் அரிசி மூட்டைகளுக்கு நடுவே, புடவையிலும் வேட்டியிலும் தவிடு படாமல் நின்றார்கள்.

"நீங்கதான் சுடலைமணியோ? நம்ம மீனவர் படத்தப் பத்தி நீங்க போட்ட மெசேஜ் சுத்திச் சுத்தி எனக்கே வந்துதாக்கும்," என்றார் வெங்கிட்டு.

சுடலைமணி கையிலிருந்த கணக்கு நோட்டை மூடினான். "ஒரு மணிக்கூறு படத்துல ஒரு மீனு கூட வரலியேன்னு சொன்னேன் சாரே. தப்பா எடுத்துக்கிடாதீங்க."

"மீன வேணும்னேதான் விட்டேன். இல்லாமைதான் அங்க சப்ஜெக்ட். பக்ஷே, நீங்க அதக் கண்டுபிடிச்சுட்டேள் பாருங்கோ, அதான் வந்திருக்கோம். எங்க குழுவுல சாதாரணப் பார்வையாளர்னு ஒரு நாற்காலி காலியா இருக்கு. நீங்க மனசுல பட்டதச் சொல்லலாம். முழு சுதந்திரம்."

"எது சொல்லணும், எது சொல்லப்டாதுன்னு நான் சொல்லித் தந்துடறேன், பயப்படாதேங்கோ," என்றார் ஸாதனா.

கடையில் எல்லோரும் அவனை "மணியே" என்றுதான் கூப்பிடுவார்கள். வெங்கிட்டு போகும்போது "வரேன், மணி சார்" என்றார். கடையில் கூட வேலை பார்க்கும் சேவியர் அதைக் கேட்டு மூட்டையைத் தவற விட்டான். அந்த "சார்" சுடலைமணியின் காதில் போய் உட்கார்ந்துகொண்டது, நாளெல்லாம் இறங்கவில்லை.

முதல் கூட்டத்துக்கு அவன் வெளுத்த சட்டை, இஸ்திரி போட்ட பேண்ட், தலைக்கு எண்ணெய் என்று போனான். ஸாதனாவின் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, இப்படி நீட்டா வந்துட்டேளே! பாக்கறவாளுக்கு நீங்க சாதாரணம்னு எப்படித் தெரியும்? கடைலேந்து நேரா வராப்ல வாங்கோ. அந்தத் தவிடெல்லாம் இருக்கட்டும். அதுதான் உங்க அழகாக்கும்."

அடுத்த கூட்டம் கடைக்கு விடுமுறை நாளில் வந்தது. சுடலைமணி வீட்டிலிருந்து கிளம்பி, கடைப்பக்கம் போய், ஒரு காலிச் சாக்கை உதறி, துவைத்த சட்டையில் தவிட்டைத் தேய்த்துக்கொண்டு போனான். தேய்க்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் கிடங்கு வரைக்கும் அவனுக்குக் கூச்சமாகவே இருந்தது.

சமிதியில் ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்து விளக்கு போட்டதும் யாரும் வாயைத் திறந்து கருத்து சொல்லக் கூடாது. முதலில் வெங்கிட்டு, அடிவயிற்றிலிருந்து நீளமாக, "ம்ம்ம்..." என்பார். அடுத்து துணைத்தலைவர், அதைவிடக் குட்டையாக ஒரு "ம்ம்." அப்படியே மூப்பு வரிசையில் இறங்கிக்கொண்டே வந்து, புது உறுப்பினர்களுக்கு வெறும் மூச்சுதான் கிடைக்கும். சாதாரணப் பார்வையாளருக்கு "ம்ம்" சொல்ல அனுமதி இல்லை. அவர் நேரடியாகப் பேச வேண்டும், கள்ளங்கபடமில்லாமல்.

முதல் படம் ஒரு ஆட்டைப் பற்றியது. போட் ஜெட்டி ஓரத்தில் ஒரு ஆடு கட்டிக் கிடக்கிறது. சுவரொட்டியைத் தின்கிறது. மறுபடியும் கட்டிக் கிடக்கிறது. "ம்ம்" எல்லாம் இறங்கி முடிந்ததும் அத்தனை பேரும் சுடலைமணியைப் பார்த்தார்கள்.

"ஆட்டுக்கு எந்திரிச்சுப் போவ முடியாது, கயிறு கெட்டியிருக்கு. நாம எதுக்கு இருந்தோம்னுதான் எனக்கு மனசிலாகல," என்றான் அவன்.

வெங்கிட்டு மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அபாரம்! கேட்டேளா எல்லாரும்? பார்வையாளனும் கட்டப்பட்டிருக்கான்னு சொல்றார். ஆடும் நாமளும் ஒண்ணு. எத்தன வருஷமா நாம தேடின வாக்கியமாக்கும் இது!"

எல்லோரும் கை தட்டினார்கள். அப்படி நான் சொல்லவில்லை, படம் மோசம் என்றுதான் சொன்னேன் என்று சுடலைமணி எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கத்தான் பார்த்தான். ஆனால் கைதட்டல் கேட்கிறபோது உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது. வாழ்க்கையில் அவனுக்காக யாரும் கை தட்டியதில்லை. அந்த சுகத்தை நினைத்து அன்று ராத்திரி சாப்பாடு இறங்காமல் வெட்கப்பட்டான். அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போனான்.

அதன் பிறகு எல்லாம் சறுக்குமரத்தில் இறங்குகிற கதைதான். கருத்துப் பயிற்சி என்று ஸாதனா அவனை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். போரடித்தது என்று சொல்லக் கூடாது, "காலத்தை உணர்ந்தேன்" என்று சொல்ல வேண்டும். ஒன்றும் புரியவில்லை என்றால் "பல அடுக்குகள் இருக்கின்றன." தூங்கிப்போய்விட்டால் "படம் என்னைக் கனவு நிலைக்குக் கொண்டுபோனது." ஏமாற்றம் என்ற சொல்லே சமிதியில் கிடையாது, அது பார்வையாளருடைய சொந்தப் பிரச்சினை.

"அப்ப படம் நெசமாவே மோசமா இருந்தா என்ன சொல்லணும் மேடம்?"

"இது முக்கியமான படம்னு சொல்லணும்."

குழுவில் இருப்பவர் வெளியே கருத்து சொல்லக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. வாய்ஸ் மெசேஜ் நின்றது. தெருவில் ஜனம் தவித்துப்போனார்கள். சேவியர் குடும்பத்தோடு ஒரு புதுப்படத்துக்குக் கிளம்பும் முன் கடையில் வந்து கேட்டான்: "மணிச்சேட்டா, அந்தப் படம் கொள்ளாமோ? போகலாமா?"

அது இடைவேளைக்கு முன்பே தாங்க முடியாத படம். சுடலைமணி அதைத் தனியே போய்ப் பார்த்து, நெளிந்து, பாதியில் எழுந்து வந்திருந்தான்.

"ம்ம்," என்றான் சுடலைமணி.

சேவியர் போனான். திரும்பி வந்த பிறகு அவன் கடையில் இவன் முகத்தைப் பார்த்துச் சாயா குடிப்பதை நிறுத்திவிட்டான். சுடலைமணிக்கு மண்டைக்குள் உறைத்தது. ஆனால் சமிதியில் அவனை அடுத்த வருஷம் முதல் நிரந்தர சாதாரணன் ஆக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அப்படி ஆனால் திருவனந்தபுரம் வரைக்கும் விழாக்களுக்குக் கூப்பிடுவார்களாம், மேடையில் உட்காரலாமாம். உறைத்தது கொஞ்ச நேரத்தில் ஆறிப்போயிற்று.

அந்த வருஷ விழாவின் தொடக்கப் படம் அபிராம் என்ற இளம் இயக்குநருடையது. அது தெரு பெருக்கும் பெண்ணைப் பற்றிய ஆவணப்படம். பெருக்கும் பெண் வேறு யாரும் இல்லை, சுடலைமணியின் மனைவி இசக்கிசெல்வி. கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கிறவள். அபிராமின் ஆட்கள் மழைக்காலத்துக்கு முன்பே வந்து, சுடலைமணி கடையில் இருந்த நேரமாக அவளை வீட்டிலும் தெருவிலும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

செல்விக்குத் தரையில் கால் பாவவில்லை. கூட வேலை பார்க்கும் மாடத்தியையும் மற்றப் பெண்களையும் விழாவுக்குத் திரட்டிவிட்டாள்.

"கையுறையயும் பூட்ஸயும் கழட்டிட்டுப் பெருக்கச் சொன்னாவ. பொட்டத் துடைக்கச் சொன்னாவ, வெளிச்சத்துக்கு மின்னுதாம். நான் அதையெல்லாம் சிரிச்சுக்கிட்டே செஞ்சேன்," என்றாள் அன்று சாயங்காலம். "எனக்கு எப்படி வந்திருக்குன்னு தெரியாது. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க. மோசமா இருந்தா மோசம்னு சொல்லணும், கேட்டியளா? பொண்டாட்டின்னு பாக்கப்பிடாது. மாடத்திகிட்ட நான் சொல்லியாச்சு, எங்க வீட்டு ஆளு வாயில பொய் வராதுன்னு."

அவனுக்கு அந்தப் பொட்டு விஷயம் கொஞ்சம் உறுத்தியது. அந்த உறுத்தல் சொன்னதை அவன் கேட்டிருக்க வேண்டும். மறுநாளே ஸாதனா ஒரு தாளோடு கடைக்கு வந்தார். தொடக்கப் படத்தைப் பற்றிச் சாதாரணப் பார்வையாளரின் கருத்து விழா மலரில் வர வேண்டும், மலர் அச்சுக்குப் போகிறது.

"படம் இன்னும் பாக்கலியே மேடம்."

"கருத்து சுதந்திரமாத்தான் இருக்கணும், சரிதான். பக்ஷே, படத்துக்காக அச்சு காத்திருக்காதே! நானே எழுதிட்டேன். உங்க வாயால வந்தாப்லயே இருக்கு, பாருங்கோ."

மலையாளத்தில் அழகாக அடித்திருந்தார்கள். "நான் படிக்காத சாதாரணன். இந்தப் படம் என் நெஞ்சை உலுக்கிவிட்டது. ஒவ்வொரு காட்சியும் உண்மை." சுடலைமணி பத்தாம் வகுப்பு பாஸானவன். அதையாவது சொல்லியிருக்கலாம். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

விழா அன்று கிடங்கு நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் வெங்கிட்டுவுக்குப் பக்கத்தில் சாதாரணன் நாற்காலி. சுடலைமணி சட்டையில் தவிடு. கடைசி வரிசையில் செல்வியும் கூட்டாளிகளும், எல்லோரும் கல்யாணத்துக்கு உடுத்துகிற புடவையில். படம் தொடங்கும் முன் அபிராம் வந்து சுடலைமணியின் கையைக் குலுக்கி, முகத்தையே பார்த்தார். "சேட்டனை எனக்கு எங்கேயோ நன்றாகத் தெரியும்," என்றார் மலையாளத்தில். எங்கே என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

படம் ஓடியது. கறுப்பு வெள்ளை. செல்வி வெறுங்காலோடு, வெறுங்கையோடு, அவள் ஒருநாளும் பெருக்காத இடிந்த சந்து ஒன்றைப் பெருக்கினாள். பெருக்கியதையே மறுபடி பெருக்கினாள். பின்னணியில் யாரோ வயலினை இழுத்து இழுத்து வாசித்தார்கள். பிறகு அவள் முகம் திரை முழுக்க வந்தது. உதடு துடித்தது, கண்ணில் நீர் வந்தது, தோள் குலுங்கியது. எல்லாம் மெதுவாக, சத்தமில்லாமல். கணீரென்று ஓர் ஆண் குரல் மலையாளத்தில் சொன்னது: "அவள் கணவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து அவள் பெருக்குகிறாள்."

அவள் அழவில்லை. சுடலைமணிக்கு அந்த உதடு என்ன சொல்கிறது என்று சத்தம் இல்லாமலே தெரிந்தது. அவள் வருகிற போகிற எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிற கதை. ஒருநாள் அவள் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அவன், "இடைவேளை வரைக்கும் கொள்ளாம், அதுக்கப்புறம் உப்புதான் ஓடுது" என்று கருத்து சொன்ன கதை. அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதைத்தான் சத்தத்தை எடுத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, அழுகையாக்கி வைத்திருந்தார்கள்.

அடுத்த காட்சியில் அவன் வீட்டுச் சுவர். சுவரில் அவன் போட்டோ. போட்டோவுக்கு மாலை, முன்னால் ஒரு குத்துவிளக்கு. செல்வி அடுக்களையில் இருந்த நேரம் பார்த்து மாட்டி எடுத்திருக்க வேண்டும்.

கடைசி வரிசையிலிருந்து மாடத்தியின் குரல் கேட்டது: "ஏ செல்வி, அது ஒன் வீட்டுக்காரர்லா!" நாலு பக்கமிருந்தும் "ஷ்ஷ்" என்று அடக்கினார்கள்.

வெங்கிட்டு திரையைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "அது நீங்கதானே?" என்றார் காதோரம்.

"ஆமா சாரே. நான் சாகலியே சாரே."

"நீங்க உயிரோட இருக்கேள்ங்கறது ஒரு தகவலாக்கும், அவ்வளவுதான். உண்மைங்கறது வேற சங்கதி. கலைக்கு வேண்டி ஒருத்தர் போறது ஒண்ணும் புதுசில்ல. நீங்க கொடுத்து வெச்சவர்."

விளக்கு போட்டார்கள். "ம்ம்" மேலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. அன்று அது வழக்கத்தைவிட நீளம், சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். அபிராம் மேடையில் ஏறினார். அவர் மலையாளத்தில் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"செல்விச் சேச்சி ரொம்பப் பேசினார், ரொம்பச் சிரித்தார். அந்தப் பேச்சு அவருடைய உண்மைக்கு இடைஞ்சலாக இருந்தது. அதனால் ஒலியை எடுத்துவிட்டேன். குரலற்றவர்களுக்குக் குரல் கொடுப்பதற்கு முதலில் அவர்கள் குரலை எடுக்க வேண்டியிருக்கிறது. அது வேதனையான வேலை. நான் பல நாள் தூங்கவில்லை."

கைதட்டல் ஓய ரொம்ப நேரமாயிற்று. பிறகு ஸாதனா மைக்கைச் சுடலைமணியின் கையில் கொடுத்து மேடைக்கு அனுப்பினார். "இப்போ ஒரு சாதாரணனோட மனசு பேசும்."

மேடையிலிருந்து பார்த்தால் கடைசி வரிசை நன்றாகத் தெரிந்தது. செல்வி எழுந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அவள் காத்திருந்தாள். மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், இவர் சொன்னால் போதும் என்ற நிற்பு அது. மச்சான் கல்யாண வீடியோவுக்கே சொன்னவர், இதற்குச் சொல்ல மாட்டாரா?

சுடலைமணிக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. படம் மோசம். படம் பொய். என் பெண்டாட்டி சிரித்தாள், நான் சாகவில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. முன்வரிசையில் எல்லோர் மடியிலும் விழா மலர் விரிந்து கிடந்தது. வெங்கிட்டு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவனைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார்.

"இது... முக்கியமான படம்," என்றான் சுடலைமணி. "ஒவ்வொரு காட்சியும் உண்மை."

செல்வி உட்கார்ந்துவிட்டாள்.

அத்தோடு விட்டிருந்தால் கூட அவன் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்து எதையாவது சொல்லியிருப்பான். சமிதி எதையும் பாதியில் விடுவதில்லை. படத்தின் நாயகிக்குப் பொன்னாடை என்று ஸாதனா அறிவித்தார். மாடத்தி கையைப் பிடித்து இழுத்தும் செல்வி கேட்கவில்லை, நேராக நடந்து மேடைக்கு வந்தாள். வெங்கிட்டு பொன்னாடையைப் போர்த்தினார். இரண்டு வார்த்தை சொல்லும்படி இன்னொரு மைக்கை அவள் முன்னால் நீட்டினார்கள்.

அவள் சபையைப் பார்க்கவில்லை. இரண்டடி தள்ளி நின்ற புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எனக்குப் படத்தப் பத்தி என்ன தெரியும்? எங்க வீட்டுல ஒரு ஆளு இருந்துச்சு. படம் மோசம்னா மோசம்னு சொல்லும், யாரு என்னன்னு பாக்காது. அது இருந்திருந்தா இன்னைக்கு நாலு வார்த்த சொல்லியிருக்கும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அதுதான் போயிட்டே."

கிடங்கு உருகிப்போனது. அபிராம் வாய்விட்டே அழுதார். வெங்கிட்டு குரல் தழுதழுக்க, மறைந்த அந்த நல்ல ரசிகரின் நினைவாக எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்று மௌனம் காக்கும்படி கேட்டுக்கொண்டார். நாற்காலிகள் சரசரத்தன. மொத்தச் சபையும் எழுந்து தலையைக் குனிந்தது. மாடத்தியும் கூட்டாளிகளும் மட்டும் எழவில்லை.

மேடையில் சுடலைமணியும் தலையைக் குனிந்து நின்றான். தன் சட்டைத் தவிடும், செல்வியின் செருப்புக் காலும்தான் கண்ணில் பட்டன. அவள் தலை குனியாமல் தன்னைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள் என்பது நிமிராமலே தெரிந்தது. இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மைக் அவன் கையிலேயே இருந்தது, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் சபை மௌனமாக இருக்கும்போது எப்படிப் பேசுவது என்றுதான் அந்த நேரத்திலும் அவனுக்கு யோசனை ஓடியது.

நிமிஷம் முடிந்தது. "ரொம்ப இயல்பா நின்னேள், மணி சார்," என்று ஸாதனா காதில் சொன்னார்.

செல்வி பொன்னாடையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினாள். சுடலைமணி மைக்கின் அடியில் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து அணைத்தான். விளக்கு அணைந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். அதற்கப்புறம்தான் அவனால் "செல்வி" என்று கூப்பிட முடிந்தது. அவள் அதற்குள் மாடத்தியோடு வாசலைத் தாண்டியிருந்தாள்.